தெருவில் விரித்துச் சுருட்டும் நெட்வொர்க் கேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்குப் போய் "வெளியில் போடுவதற்கு நெட்வொர்க் கேபிள் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். கறுப்பு உறை போட்ட, விறைப்பான, தடித்த கேபிள் பெட்டி ஒன்று மேசைக்கு வந்துவிடும். கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை. அந்தப் பாலிஎத்திலீன் உறை வெயிலையும் மழையையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆனால் அது ஒரு முறை மாட்டிவிட்டு மறந்துவிடுவதற்கான பொருள். மாலையில் தெருவில் விரித்து, நள்ளிரவில் சுருட்டி, அடுத்த வாரம் வேறொரு தெருவில் மறுபடியும் விரிப்பவர்களுக்கு அது உதவாது. தற்காலிக வேலையில் கேபிளைக் கொல்வது பெரும்பாலும் வெயிலோ மழையோ இல்லை. விரிப்பதும் சுருட்டுவதும் மிதிபடுவதும்தான். வாங்கும்போது இதை மனத்தில் வைத்தால் பாதிப் பணம் மிச்சமாகும்.

வடசென்னையில் தெருதான் மைதானம், தெருதான் மண்டபம். வியாசர்பாடியில் கால்பந்துப் போட்டி, ராயபுரத்தில் தெரு நடுவே வளையம் கட்டி நடக்கும் குத்துச்சண்டை, திருவொற்றியூரில் திருவிழா, தண்டையார்பேட்டையில் மருத்துவ முகாம் என்று பல வருடங்களாக இந்த இடங்களுக்கு இணையத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைச் செய்து வருகிறேன். பக்கத்து வீட்டிலோ சங்க அலுவலகத்திலோ ஃபைபர் இணைப்பு இருக்கும். அங்கிருந்து கேமரா இருக்கும் இடத்துக்கும், பதிவு மேசைக்கும் கேபிள் இழுக்க வேண்டும். வைஃபை போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போட்டி தொடங்கும் முன் போதும். கூட்டம் சேர்ந்து, ஆளுக்கொரு கைப்பேசி கையில் ஏறியதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நெரிசலில் திணறிவிடும். கோல் விழும் நேரத்தில் படம் உறைந்து நின்றால் பார்ப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள். மன்னிக்கவும் கூடாது, அந்தப் பையன்களின் ஆட்டத்தை வெளியூரிலிருந்து பார்க்க அவர்களுடைய குடும்பத்தாருக்கு வேறு வழியே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது கேபிளின் உள்ளே இருக்கும் கம்பி. பெட்டியில் 305 மீட்டராக விற்கப்படும் கேபிள் பெரும்பாலும் ஒற்றைக் கம்பி. உள்ளே இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக ஓடும் எட்டுக் கம்பிகளில் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரே செம்பு. அதை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி எடுத்தால் செம்பு அந்த இடத்தில் இறுகிப்போய் ஒரு நாள் ஒடிந்துவிடும். உறைக்கு மேலே ஒன்றும் தெரியாது. பல இழைக் கேபிளில், அதாவது வீட்டு வயரிங்காரர்கள் மல்டி ஸ்ட்ராண்ட் என்று சொல்லும் வகையில், ஒவ்வொரு கம்பிக்கும் பதிலாகப் பொதுவாக ஏழு மெல்லிய இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஒற்றைக் கம்பிக் கேபிளை ஒரு முழம் பிடித்து நீட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும். வளைத்தால் வளைந்த வடிவத்திலேயே இருக்கும். பல இழைக் கேபிள் கை விட்டதும் தொங்கிவிடும். தெருவில் விரித்தால் தரையோடு படுத்துக்கொள்ளும், யார் காலையும் தடுக்காது.

இந்த மென்மைக்கு ஒரு விலை உண்டு. பல இழைக் கேபிளில் சிக்னல் இழப்பு அதிகம். கேஜ் என்பது கம்பியின் பருமனைச் சொல்லும் எண், எண் கூடினால் கம்பி மெல்லிசு. 24 கேஜ் பல இழைக்கு 20 சதவீதம் வரையும், அதைவிட மெல்லிய 26 கேஜுக்கு 50 சதவீதம் வரையும் கூடுதல் இழப்பு இருக்கலாம் என்று தரநிலையே இடம் கொடுக்கிறது. எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த 100 மீட்டர் என்ற எல்லை, 90 மீட்டர் ஒற்றைக் கம்பியும் இரண்டு முனையிலும் சேர்த்து 10 மீட்டர் பேட்ச் கார்டும் (கருவிகளை இணைக்கும் குட்டைக் கேபிள்) என்ற கணக்கில் வந்தது. முழு நீளமும் பல இழையாக இருந்தால் அந்த எல்லை செல்லாது. அதோடு அந்தக் கணக்கு 20 டிகிரி வெப்பத்துக்கானது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் இழப்பு சுமார் 0.4 சதவீதம் கூடும். 40 டிகிரியைத் தாண்டினால் 0.6 சதவீதம். அக்னி நட்சத்திரத்தில் தார்ச்சாலை மேல் கிடக்கும் கேபிளின் நிலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான் 24 கேஜ் பல இழையை 70 மீட்டருக்கு மேலும், 26 கேஜை 50 மீட்டருக்கு மேலும் இழுப்பதில்லை. இவை தரநிலை சொல்லும் எண்கள் இல்லை. நிகழ்ச்சி நடுவே பதற்றப்படாமல் இருக்க நான் வைத்துக்கொண்ட வரம்பு.

கேட் 6 வாங்குவதா, கேட் 5ஈ வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. கேட் என்பது கேபிளின் தர வகை, எண் கூடக் கூட அதிக வேகத்துக்கானது. தெருவுக்கு கேட் 5ஈ என்றே சொல்வேன். ஒரு கிகாபிட் வேகத்துக்கு அது தாராளமாகப் போதும். கேட் 6 கேபிள் பலவற்றில் நான்கு ஜோடிகளையும் பிரித்து வைக்க நடுவே பிளாஸ்டிக் சிலுவை ஒன்று ஓடும். அது கேபிளை விறைப்பாக்குகிறது; திரும்பத் திரும்பச் சுருட்டினால் ஜோடிகள் அதன் மேல் அழுந்துகின்றன. கேட் 7, கேட் 8 என்று பெயர் போட்டு விற்கும் தட்டையான கேபிள்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். நாடா மாதிரி மடங்கும், கதவிடுக்கில் நுழையும். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் 30, 32 கேஜ், முடி போன்ற கம்பி. அறைக்குள் இரண்டு மீட்டருக்குச் சரி. தெருவின் நீளத்துக்கு வேண்டாம்.

எந்த எண்ணைவிடவும் முக்கியமானது, உள்ளே இருப்பது உண்மையிலேயே செம்பா என்பது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் கணிசமானவை சிசிஏ என்கிற ரகம்: அலுமினியக் கம்பியின் மேல் செம்பு முலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அலுமினியம் செம்பைவிடச் சீக்கிரம் ஒடியும். மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நெட்வொர்க் கேபிள் தரநிலைகள் இதை ஏற்பதே இல்லை, ஆனாலும் உறையின் மேல் கேட் 6 என்று அச்சடித்து விற்கிறார்கள்.

இதன் விளைவைத் திருவொற்றியூரில் ஒரு திருவிழாவின்போது கண்ணால் பார்த்தேன். வாடகைக்கு வந்த கேபிள் சுருள் ஒன்றை 40 மீட்டர் தூரத்தில் இருந்த கண்காணிப்புக் கேமராவுக்குப் போட்டிருந்தார்கள். 12 வோல்ட் மின்சாரத்தையும் அதே கேபிளின் நீலம், பழுப்பு ஜோடிகள் வழியாக அனுப்பும் எளிய ஏற்பாடு. பகல் முழுவதும் படம் தெளிவாக வந்தது. விளக்கேற்றும் நேரம் ஆனதும் கேமரா அணைந்து, தானாகவே எழுந்து, சில நொடியில் மறுபடி அணைந்தது. நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினார்கள், அடாப்டரை மாற்றினார்கள், பயனில்லை. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் இரு மடங்காகும். பிளேடால் கேபிளின் முனையைச் சீவி, ஓர் இழையை நகத்தால் அழுத்திச் சுரண்டினேன். செம்பு நிறம் உதிர்ந்து வெள்ளை தெரிந்தது. 26 கேஜ் சிசிஏவில் 40 மீட்டருக்குப் போகவர மின்தடை சுமார் 8 ஓம். அரை ஆம்பியர் ஓடினால் 4 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டில் 8தான் மிஞ்சும், கேமரா எப்படி நிற்கும்? 24 கேஜ் செம்பு கேபிளை இழுத்ததும் விடியவிடிய ஓடியது.

அதனால் ரிட்சி தெருவானாலும் பர்மா பஜாரானாலும், வாங்கும் முன் ஒரு முனையைச் சீவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே கத்தரியை எடுத்துக் கொடுப்பார். சுரண்டியபின் உள்ளேயும் செம்பு நிறமாகவே இருக்க வேண்டும். எடையும் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே நீளமுள்ள இரண்டு சுருளை இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தால் போதும். கேமராவுக்குக் கேபிளிலேயே மின்சாரம் அனுப்புவதாக இருந்தால், 12 வோல்ட் ஏற்பாட்டைவிட 48 வோல்ட் அளவில் இயங்கும் தரநிலைப்படியான பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) ஸ்விட்ச் நல்லது. அதே சக்திக்கு மின்னோட்டம் குறைவு, கேபிளில் கரைவதும் குறைவு.

உறை விஷயத்தில் மூன்று வகை பார்த்திருக்கிறேன். சாதாரண பிவிசி உறை மென்மையாக இருக்கும், விலை குறைவு, ஓரிரண்டு கோடைக்குள் வெளுத்து வெடிக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்து வைத்துவிடுகிறோம் என்பதால் தற்காலிக வேலைக்கு அது மோசமில்லை. கறுப்புப் பாலிஎத்திலீன் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அதிலும் உள்ளே பசை நிரப்பிய ரகம் மண்ணில் புதைப்பதற்கானது. வெட்டினால் கை, சட்டை, பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவி எல்லாம் பிசுபிசுக்கும். மூன்றாவது பாலியூரிதேன். ஒலி, ஒளி அமைப்பாளர்கள் மேடைகளில் பயன்படுத்துவது அதைத்தான். மென்மையும் இருக்கும், உராய்வையும் எண்ணெயையும் தாங்கும். விலை கசக்கும். ஆனால் மாதத்தில் பல இரவுகள் தெருவில் வேலை செய்பவர்களுக்கு ஒரே ஒரு 50 மீட்டர் சுருளாவது இந்த ரகத்தில் இருக்க வேண்டும் என்பேன். மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டுத் தெருக்களில் தரை எப்போதும் ஈரமும் எண்ணெயுமாக இருக்கும்; அங்கே பிவிசி உறை வழுவழுத்து மண்ணை வாரிக்கொள்ளும்போது, பாலியூரிதேனை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும்.

ஷீல்டு, அதாவது வெளி மின்குறுக்கீட்டைத் தடுக்க ஜோடிகளைச் சுற்றி உலோகப் படலமோ பின்னலோ, போட்ட கேபிள் வேண்டுமா? "ஷீல்டு என்றால் பாதுகாப்பு" என்று நினைத்து வாங்குகிறார்கள். தெருவில் அது ஆபத்தாகவும் முடியலாம். மேடைப் பக்கம் ஜெனரேட்டரில் ஓடும். இணையம் வரும் வீடு ஈபி மின்சாரத்தில் ஓடும். இரண்டின் எர்த்தும் வெவ்வேறு. ஷீல்டின் இரு முனையையும் உலோகப் பிளக்கோடு இணைத்தால், அந்த மெல்லிய படலம் இரண்டு எர்த்துகளையும் இணைக்கும் கம்பியாகிவிடுகிறது. தொட்டால் சுர்ரென்று இழுக்கும். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் இது இன்னும் மோசம். ஷீல்டு இல்லாத சாதாரண கேபிளில் இந்தத் தொல்லை இல்லை. இரு முனையிலும் கருவிக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் மின்சுற்றைப் பிரித்து வைக்கின்றன. எல்இடி திரைக்கும் ஜெனரேட்டருக்கும் ஒட்டியே நீண்ட தூரம் ஓட வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும் ஷீல்டு யோசிக்கலாம். அப்போதும் ஒரு முனையில் மட்டும் எர்த் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப மடக்கும் கேபிளில் அலுமினியப் படலம் கிழிந்துபோகும் என்பதால், பின்னல் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும்.

கேபிள் அறுவதைவிட முனை போவதுதான் அதிகம். கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 பிளக்கில் ஒற்றைக் கம்பிக்கு ஒரு வகை, பல இழைக்கு ஒரு வகை உண்டு. உள்ளே இருக்கும் தகட்டின் பல் அமைப்பு வேறு: பல இழைக்கானது இழைகளுக்கு நடுவே குத்தி இறங்கும், ஒற்றைக் கம்பிக்கானது கம்பியை இருபுறமும் கவ்வும். மாற்றிப் போட்டால் அன்றைக்கு வேலை செய்யும், நாலு முறை அசைந்தபின் விட்டுவிட்டு வரும். வாங்கும்போது பல இழைக்கானது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு வகைக்கும் பொருந்தும் பிளக்கும் கிடைக்கிறது.

கடற்காற்று அடிக்கும் இடத்தில் பிளக்கின் தங்க முலாம் எவ்வளவு தடிமன் என்பதும் முக்கியமாகிறது. 50 மைக்ரோ இன்ச் முலாம் உள்ள பிளக் ராயபுரத்திலும் திருவொற்றியூர்க் கடற்கரைப் பக்கமும் நன்றாகத் தாங்குகிறது. பெயருக்குப் பூசிய மலிவுப் பிளக்கில் பச்சை படிந்துவிடும். மேடைக் கருவிகளில் வரும் ஈதர்கான் உலோகக் கூடு, ஆர்ஜே45 பிளக்கைச் சுற்றி ஒரு கவசமாக நின்று அந்தச் சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒடியாமல் காக்கிறது. அந்தக் கூட்டுக்குச் செலவழிக்கும் காசு வீண் போகாது. இரண்டு கேபிள்களை இணைக்கும் கப்ளரைத் தெருவில் தவிர்க்கப் பாருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் கட்டி, இரு பக்கமும் கேபிள் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது.

போடும் விதத்தில் என் கண்டிப்பு ஒன்றுண்டு: மின்கம்பத்திலோ தெருவோரத்து மின்பெட்டியிலோ கேபிளைக் கட்டவே கூடாது. மழைக்காலத்தில் அந்தப் பெட்டிகளின் பக்கம் போகவே நம் மக்கள் அஞ்சுகிறார்கள், அந்த அச்சம் நியாயமானது. மின்சார வயரோடு சேர்த்தும் ஓட்டாதீர்கள். ஓர் அடி தள்ளியிருக்கட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். தலைக்கு மேலே கொண்டுபோவதாக இருந்தால் முதலில் நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் கேபிளைத் துணிப்பட்டையால் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். நான்கு ஜோடிக் கேபிள் தாங்கக்கூடிய இழுவிசை சுமார் 11 கிலோ எடைதான். கயிறு இல்லாமல் இழுத்துக் கட்டினால் காற்றடிக்கும்போது அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

தரையில் தெருவைக் கடக்கும் இடத்தில்தான் கேபிள் சாகும். ஆட்டோ சக்கரம்கூடப் பரவாயில்லை, காற்றடைத்த ரப்பர். பனிக்கட்டியும் கூடையும் ஏற்றிய மீன்பாடி வண்டி ஏறினால் ஜோடிகளின் முறுக்கே நசுங்கிவிடும். ரப்பர் கேபிள் ராம்ப் இல்லாவிட்டால், தடித்த ரப்பர் ஹோஸை நீளவாக்கில் பிளந்து அதற்குள் கேபிளை வைத்து, மேலே பழைய ரப்பர் விரிப்பைப் போட்டு ஓரங்களை ஒட்டிவிடுகிறேன். மாலையில் அந்த வழியாக நடந்துபோகும் பாட்டிகளும், ஓடி விளையாடும் பிள்ளைகளும் தடுக்கி விழாமலிருப்பது நேரலையைவிடப் பெரிய விஷயம்.

சுருட்டுவதைப் பற்றி நிறையச் சொல்லலாம். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுற்றுவதுதான் எல்லோர் பழக்கமும். ஒவ்வொரு சுற்றிலும் கேபிளில் ஒரு முறுக்கு ஏறுகிறது. அடுத்த முறை விரிக்கும்போது அந்த முறுக்கெல்லாம் முடிச்சாக வரும். உள்ளே ஜோடிகளின் இடைவெளி குலையும். சரியான முறை, ஒரு சுற்றை மேல்புறமாகவும் அடுத்த சுற்றைக் கையை உள்பக்கம் திருப்பிக் கீழ்ப்புறமாகவும் போடுவது. ஒன்றில் ஏறும் முறுக்கை அடுத்தது எடுத்துவிடும். காசிமேட்டில் ஒரு நிகழ்ச்சி முடிந்து என் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, படகுக்காரப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கேபிளை வாங்கி, என்னைவிட வேகமாக, வளையம் வளையமாகப் போட்டுக்கொண்டே, "கயிறு எந்தப் பக்கம் போக நினைக்கிறதோ அந்தப் பக்கம் விடு தம்பி, இழுக்காதே" என்றார். பையன்கள் என்னிடம் கற்றதைவிட அவரிடம் கற்றது நன்றாக ஒட்டிக்கொண்டது. வளையம் ஒரு முழம் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கட்டுவதற்குத் துணியில் ஒட்டும் வெல்க்ரோ பட்டை நல்லது. பிளாஸ்டிக் டை இறுக்கினால் அந்த இடத்தில் ஜோடிகள் நசுங்கும். மீன் சந்தைப் பக்கம் கிடந்த கேபிளை நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்தியபின்தான் எடுத்து வைக்க வேண்டும். உப்பு ஒரு பக்கம், அந்த வாடைக்கு வரும் எலி ஒரு பக்கம்.

எடுத்து வைக்கும் முன் சோதித்துவிடுங்கள். எட்டு விளக்கு எரியும் சின்ன டெஸ்டர் போதும், ஆனால் விளக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரு முனையையும் விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். அசைக்கும்போது ஏதாவது ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், அந்த முனையை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் போடுங்கள். மடிக்கணினியில் இணைத்து வேகத்தையும் பாருங்கள். ஒரு கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் என்று காட்டினால், பெரும்பாலும் நான்கு ஜோடிகளில் ஒன்று போயிருக்கும், ஏனென்றால் 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடியே போதும்.

70 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் செம்பு கேபிளோடு போராடாமல் ஃபைபருக்குப் போய்விடுகிறேன். உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்கள் வீடுகளுக்கு இழுக்கும் கறுப்பு டிராப் கேபிளே போதும்; இரண்டு முனையிலும் ஒளியை மின் சிக்னலாகவும் மின் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வர்ட்டர் ஒன்று. சுருட்டும்போது செம்பைவிடக் கவனம் வேண்டும், மடக்கினால் கண்ணாடி உடையும். பச்சை நிற முனையையும் நீல நிற முனையையும் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. பச்சையின் முகம் சாய்வாகத் தீட்டப்பட்டது, இரண்டும் பொருந்தாமல் ஒளி சிதறும். ஜெனரேட்டர் எர்த், வீட்டு எர்த் என்ற பிரச்சினையும் இதோடு தீர்ந்துவிடும். டிராப் கேபிளில் ஓடும் எஃகுக் கம்பியை மட்டும் இரு முனையிலும் எந்தக் கருவியிலும் படாமல் வெட்டிவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிகழ்ச்சி வைத்தால் செம்பு கேபிளைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. இடிச்சத்தம் கேட்க ஆரம்பித்ததும் இரண்டு முனையையும் கழற்றிவிடச் சொல்லிவிடுகிறேன், நேரலை நடந்துகொண்டிருந்தாலும். பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூட, திறந்தவெளியில் நீண்டு கிடக்கும் கம்பியில் கருவியைக் கருக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். அந்த நேரத்தில் கேபிளின் முனையில் கையை வைத்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன். ஏற்பாட்டாளர் எவ்வளவு கெஞ்சினாலும் இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.